பஸ் ஸ்டாண்டுக்கு எதற்குப் பிரேக்?

பதினாலு மாதம் எங்கள் கட்டிலில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு படுத்திருந்தது. நான் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இடுப்பு என்னுடையது, அவர்களுக்கு என்ன வந்தது?

அந்த பஸ் ஸ்டாண்டைக் கட்டியது என் வீட்டுக்காரர். குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்திப் பொருத்தி விளையாடுமே பிளாஸ்டிக் கட்டைகள், அவற்றை வைத்துக் கட்டினார். மனிதர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ரிட்டையர் ஆக ஒன்றரை வருடம் இருக்கும்போது, ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாயும் போயிற்று. கால் மெதுவாகத் திரும்பியது, கோலூன்றி நடந்தார். கை பாதி திரும்பியது. பேச்சு மட்டும் திரும்பவே இல்லை. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். பதிலுக்கு ஒரு 'ஆ', ஒரு 'ஊம்'. அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவர் நிஜமாகவே வாயால் பிழைத்தவர். கழுத்தில் விசில் தொங்கும், ஊதமாட்டார். பஸ்ஸை எடுக்க "ரைட், போலாம்!" நிறுத்த "ஓல்டேன்!" எல்லாம் வாயால்தான். அதிலும் அந்த 'ஓல்டேன்' இருக்கிறதே, பின்னால் வருகிற லாரிக்காரன்கூட ஒரு நொடி காலைப் பிரேக்கில் வைப்பான். அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் சொல்லும் அதுதான்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பூந்தமல்லியில் அம்மா வீட்டில் இருந்தேன். திருமழிசை எஸ்டேட்டில் மரப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். தினமும் லேட். பஸ் ஸ்டாண்டை விட்டுப் பஸ் வெளியே திரும்புகிற இடத்தில்தான் நான் ஓடி வந்து சேருவேன். மற்ற பஸ் எல்லாம் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விடும். ஒரு பஸ்ஸின் பின்படியில் மட்டும் ஒல்லியாக ஓர் ஆள் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு கத்துவார்: "ஓல்டேன்! ஓல்டேன்! ஒரு பொண்ணு ஓடியாருது பாரு!"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். எனக்கு மானம் போகும். ஒருநாள் ஏறினதும் கேட்டேன்: "யோவ், கம்முனு விசில் ஊத மாட்டியா? ஊருக்கே தண்டோரா போடணுமா?"

"விசில் ஊதுனா டிரைவருக்கு மட்டும்தாம்மா கேக்கும். கத்துனாத்தான் உனக்கும் கேக்கும், பஸ்ஸு நிக்குதுன்னு" என்றார். எட்டு மாதத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

அப்படிப்பட்ட மனிதர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் வீடு என்னத்துக்கு ஆகும்? எனக்கு நாக்கு நீளம், கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். இருபத்தெட்டு வருடம் சண்டை போட்டே குடும்பம் நடத்தினோம். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவர் ஆரம்பித்தால், ஒரு மணி நேரத்தில் அவர் அக்கா கல்யாணத்துக்கு எனக்கு எடுத்த புடவை வரைக்கும் போய் நிற்போம். இப்போது நான் மட்டும் கத்துகிறேன். எதிரில் 'ஊம்'. ஒருநாள் குழம்பில் வேண்டுமென்றே ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டேன். வாயில் வைத்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் ஊற்றிக் கலந்து சாப்பிட்டுவிட்டார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா சொன்னார்: "பேச்சு வரலாம், வராமலும் போகலாம். அவசரப்படுத்தாதீங்க. இப்போதைக்கு விரலுக்கு வேலை குடுங்க." வீட்டுக்கு வந்து உளுந்துத் தட்டை முன்னால் வைத்துக் கல் பொறுக்கச் சொன்னேன். இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரிலிருந்து எங்கள் மகள் வந்திருந்தாள். ஒரே மகள், அப்போதுதான் கட்டிக்கொடுத்திருந்தோம். பரண்மேல் ஏறி, அவள் சின்ன வயதில் விளையாடின கட்டைகளைச் சாக்கோடு இறக்கிக் கட்டிலில் கொட்டினாள். அவர் கொஞ்சநேரம் பார்த்தார். ஒரு சிவப்புக் கட்டையை வலது கையால் எடுக்கப் பார்த்தார், விழுந்தது. மறுபடி எடுத்தார். அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் மூன்று கட்டை ஒன்றாக நின்றன.

கட்டை போதவில்லை. மகள் அவள் ஆபீசில் யார் யார் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களோ அவர்கள் வீட்டிலிருந்தெல்லாம் பை பையாக வாங்கி வந்தாள். ஆறாவது மாதம்தான் அது என்ன என்று எனக்குப் புரிந்தது. வரிசையாக பஸ் நிற்கும் இடங்கள், டைம் கீப்பர் ரூம், டீக்கடை, அதன் பக்கத்தில் பூக்காரம்மா உட்காரும் மேடை. இப்போது மெட்ரோ வேலைக்காக வெளியே தகரத்தை நட்டு வைத்திருக்கிறார்களே, அந்த பஸ் ஸ்டாண்டு இல்லை. நான் ஓடி வந்தேனே, அந்தக் காலத்து பஸ் ஸ்டாண்டு. கிடைத்த கட்டையில் கட்டியதால் டீக்கடை ஊதாவாக இருந்தது, பஸ்ஸில் பாதி மஞ்சள் பாதி நீலம். இருந்தாலும் எனக்கு ஒவ்வோர் இடமும் தெரிந்தது. வாயால் சொல்ல முடியாததை எல்லாம் அந்த மனிதர் கட்டிலில் கட்டிவைத்திருந்தார்.

நீளம் நாலே முக்கால் அடி, அகலம் இரண்டரை அடி. அவருக்கு ஹாலில் மடக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தோம். எனக்குத்தான் பாய் என்று முதலிலேயே சொன்னேனே.

மகளுக்கு ஏழாம் மாதம். அம்பத்தூரில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு வைத்து, அன்றைக்கே பிள்ளைப்பேற்றுக்கு இங்கே அழைத்து வருவதாக முடிவாயிற்று. தலைப்பிள்ளை, அம்மா வீட்டில்தான் பெறணும். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பாயில் படுக்கவைக்க முடியுமா? கட்டில் வேண்டும். மூன்று வாரம்தான் இருந்தது.

அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். எழுந்து கட்டிலருகே போய், இடது கையை அகலமாக விரித்து, மேசையில் சிந்தின பருக்கையை வழிப்பதுபோல ஒரு சைகை காட்டினார். கலைத்துவிடு என்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கை வெச்ச, பாத்துக்க!" என்றேன். "பதினாலு மாசம் நான் தரையில உருண்டது இத்த கலைக்கவா? ஒரு கட்டை நவுரக் கூடாது. நான் தூக்கி வெக்கிறேன் பாரு." சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது. அவரிடம் மிச்சம் இருந்த பேச்சு அது ஒன்றுதான். அது உடைந்தால் அவர் திரும்ப ஒரு கட்டையைக்கூட எடுக்கமாட்டார் என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

என் வேலையே அதுதானே? மெஷின்களைக் கீழே வைத்து அனுப்புகிற மரத்தட்டு இருக்கிறது, பேலட் என்போம். முப்பது வருடமாகப் பேலட் அடிக்கிறேன். இரண்டு டன் மெஷின் என் மரத்தட்டில் உட்கார்ந்து கப்பலேறிப் போயிருக்கிறது. ஒரு பஸ் ஸ்டாண்டைத் தூக்க மாட்டேனா? முதலாளியிடம் கேட்டேன், துண்டு மரம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார். ரம்பத்தில் நிற்கும் அண்ணாத்தே ஒருவர் இருக்கிறார். என் வீட்டுக்காரர் வயது, அவர் பஸ்ஸிலேயே தினம் வந்தவர். அவரிடம் அளவைக் கொடுத்தேன்.

நான் முதலில் அளந்தது எங்கள் வீட்டு வாசக்கால்களை. பெரிதாகச் செய்துவிட்டுக் கதவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஜாதி நான் இல்லை. அடுத்து, வெறும் ப்ளைவுட் போட்டால் நடுவில் தொங்கும். தொங்கினால் கட்டைகளுக்கு இடையே வாய் பிளக்கும். அதனால் கீழே பைன் மரத்தில் ஒரு சட்டம், குறுக்கே ஒரு சாணுக்கு ஒன்றாகப் பட்டைகள். ஆணி அடித்தால் தள்ளத் தள்ள இளகும் என்று, வாழ்நாளெல்லாம் ஆணி அடித்த நான் முதல்முறையாக எல்லாவற்றையும் ஸ்குரூ போட்டு முறுக்கினேன். ப்ளைவுட்டைச் சுற்றி விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு, வழுக்கி விழாமல் இருக்க. இரண்டு பக்கமும் பெட்டிக்குப் போடும் கைப்பிடி.

"இன்னாம்மா, அம்மாம் சட்டம் போடுற? பொம்மை பஸ் ஸ்டாண்டா, இல்ல நெசமாவே பஸ்ஸ உள்ள உடப் போறியா?" என்றார் அண்ணாத்தே.

"நீ அறுத்துக் குடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

முடித்ததும் நானே ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். நானும் ஒன்றும் கொத்தவரங்காய் இல்லை. ஒரு முனகல் இல்லை மரத்தில். கம்பெனியே கை தட்டியது.

வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவுகிறவள் நான். நகர்த்தத் தோதாக இருக்க வேண்டும். கழித்துப்போட்ட ஒரு தள்ளுவண்டியின் சக்கரங்கள் மூலையில் கிடந்தன. நாலு பக்கமும் சுழலும் சக்கரம், எண்ணெய் விட்டதும் வெண்ணெய் மாதிரி ஓடியது. அதை மாட்டும்போதுதான் அண்ணாத்தே சொன்னார்: "பிரேக் வெச்ச சக்கரமா பாத்துப் போடும்மா. இது நிக்காது."

"பஸ்ஸுக்குத்தான் அண்ணாத்தே பிரேக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கு பிரேக்கு? அது இன்னா எய்ந்து ஓடவா போவுது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ரொம்ப நன்றாகச் சொல்லிவிட்டதாக எனக்கும் ஒரு நினைப்பு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாத்தேவும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார்கள். நல்லவேளை, கட்டைகளுக்குக் கீழே ஒரு ஃபிளெக்ஸ் பேனர் விரித்திருந்தோம், மகள் கல்யாணத்துக்கு வாசலில் கட்டியது. படம் கீழ்ப்பக்கம். பதினாலு மாதமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் குப்புறப் படுத்திருந்தார்கள். பேனரோடு சேர்த்து இழுத்தால் கட்டில் பலகையில் வழுக்கிக்கொண்டு வரும் என்று கணக்குப் போட்டேன். கட்டிலை ஒட்டி என் பலகையை வைத்து, கீழே செங்கல் அடுக்கி, கட்டில் உயரத்துக்கு ஏற்றினோம். பிளாஸ்டிக் கல்லுக்குக் கீழே நிஜக் கல். மூன்று பேரும் பேனர் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தோம்.

அவர் கட்டில் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இடது கையால் கட்டிலைத் தட்டினார், ரெண்டு தட்டு. எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணாத்தேதான் சொன்னார்: "இழும்மா, ரைட் குடுக்குறாரு." ரெண்டு தட்டினால் போகலாம். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. கூட்டத்தில் வாசற்படிக்குப் போக முடியாதபோது பஸ் தகரத்தை அப்படித்தான் தட்டுவார். ரெண்டு தட்டு, நாங்கள் ஒரு விரற்கடை இழுப்போம். ஒரு தட்டு, நிற்போம். டைம் கீப்பர் ரூம் லேசாக ஆடியது. எனக்கு வியர்வை கண்ணில் இறங்கியது.

பாதி வந்திருக்கும். பஸ் வெளியே திரும்புகிற இடத்தில், நடு ரோட்டில், ஒற்றைச் சிவப்புக் கட்டை தனியாக நின்றது. கழன்று விழுந்தது என்று எடுக்கப் போனேன். டப்பென்று ஒரு தட்டு. நிமிர்ந்து பார்த்தேன். அவர் அந்தக் கட்டையைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார்.

"நானா இது?" என்றேன். "ஊம்" என்றார்.

"இம்மாம் குள்ளமாவா நானு?" என்று கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் அழக் கூடாதே என்று. அவர் ரெண்டு தட்டு தட்டினார்.

பஸ் ஸ்டாண்டு முழுசாகப் பலகைக்கு வந்தது. ஒவ்வொரு மூலையாக ஒவ்வொரு செங்கல்லை உருவி மெதுவாக இறக்கினோம். ஒரு கட்டை விழவில்லை. அதன்பிறகு தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்து ஜன்னலோரம் நிறுத்தினேன். கையை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டு தானாக வாசலைப் பார்த்து ஓர் அடி நகர்ந்தது.

அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டுத் தரை ஞாபகம் வந்தது. நசரத்பேட்டையில் இந்த வீட்டைக் கட்டும்முன் வாடகைக்கு இருந்த இடத்தில், ஒரு மழைக்கு மூன்று நாள் தண்ணீர் ஹாலிலேயே நின்றது. அந்த எரிச்சலில் மேஸ்திரியிடம் சொல்லியிருந்தேன், "ஒரு சொட்டு தண்ணி என் ஊட்ல நிக்கக் கூடாது." தண்ணீர் வாசல் பக்கம் வடிய ஊருக்கெல்லாம் கொடுக்கும் வாட்டம்தான் அவர் கொடுத்தார். போதாது என்று சண்டை போட்டு, மறுபடி போடவைத்தேன். அன்றிலிருந்து எங்கள் ஹாலில் எது கீழே விழுந்தாலும் நேரே வாசலுக்கு உருளும். மகள் சின்னப் பிள்ளையில் எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பந்தயம் விடுவாள். இவ்வளவும் தெரிந்தவள்தான் நான், சமதரையான கம்பெனியில் நின்றுகொண்டு பிரேக் எதற்கு என்று கேட்டிருக்கிறேன்.

அண்ணாத்தே மீசையைத் தடவிக்கொண்டார். ஒரு கோணிப்பையை மடித்துச் சக்கரத்துக்கு அடியில் திணித்தேன். நின்றது. இது போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வளைகாப்பு நாள் வந்தது. காலையிலேயே நான் அம்பத்தூர் போய், விசேஷம் முடிந்ததும் முன்னால் பஸ் பிடித்து ஓடிவந்துவிட்டேன். பிள்ளை வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா? ஹாலைக் கழுவினேன். கழுவும்போது கோணிப்பை நனையுமே என்று உருவி, கொண்டுபோய்க் காம்பவுண்டுச் சுவரில் காயப்போட்டேன். நானேதான் போட்டேன். பலகையைக் குறுக்கே திருப்பி நகர்த்தியிருந்ததால் சக்கரங்கள் பக்கவாட்டில் திரும்பி அது அசையாமல் நின்றது. நானும் மறந்தேன்.

மூன்று மணிக்குக் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை பின்னால் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். மகள் ரெண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியேற ஆரம்பித்தாள். எங்கள் வாசலுக்கு மூன்று படி. நான் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலில் விடுவிடென்று வந்தேன். வந்த வேகத்தில் கால் எதிலோ இடித்தது. எதில் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நிலைப்படியில் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டு, தட்டைச் சுற்ற ஆரம்பித்தேன். மகள் ரெண்டாவது படியில் காலை வைத்தாள்.

"ஓல்டேன்!"

அந்தக் குரல் என் முதுகில் விழுந்தது. மகள் தூக்கின காலை அப்படியே நிறுத்தினாள். நான் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டு ஈரத்தரையில் சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது, ரெண்டு கை தூரம்கூட இல்லை. தட்டை விட்டெறிந்துவிட்டு வலது காலைக் குறுக்கே வைத்து அழுத்தினேன். முன்சட்டம் என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மோதி நின்றது. மஞ்சள் தண்ணீர் முழுக்க என் புடவையில். ஒரு நீல பஸ்ஸும் அந்தச் சிவப்புக் கட்டையும் தெறித்துப் படியில் விழுந்தன.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெருமூச்சு விட்ட பிறகுதான், கத்தியது யார் என்ற கேள்வியே வந்தது.

"மா," என்றாள் மகள், "நைனா பேசிச்சு."

உள்ளறை வாசலில் அவர் கோலோடு நின்றுகொண்டிருந்தார். இடது கை கோலில் இருந்தது, தட்டுவதற்கு ஒழிந்த கை இல்லை. வாய் திறந்தபடியே இருந்தது, தன் வாயை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போனதுபோல முழித்தார். நான் நொண்டிக்கொண்டே ஓடினேன். "யோவ், எங்கய்யா வெச்சிருந்த இத்தன நாளு? இன்னொரு தபா சொல்லுய்யா. ஒரே தபா!" அவர் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. 'ஓ' என்று காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றார். நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நானும் கீழே உட்கார்ந்து அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். மாப்பிள்ளை பெட்டியோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், பாவம்.

டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். "பல வருஷம் பழகின வார்த்தை அப்படித்தாம்மா, தானா வரும். கேட்டா வராது. விட்டுப் பிடிங்க" என்றார்.

விட்டுப் பிடிக்கிற பொறுமை எனக்கு ஏது? பேலட் மரத்தில் ஒரு முட்டுக்கட்டை செதுக்கி, கழுவும்போது தொலையாமல் இருக்கக் கயிறு போட்டுப் பலகையிலேயே கட்டியிருந்தேன். ஒருநாள் காலை பெருக்குகிற சாக்கில் அதைக் காலால் தட்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு நகர்ந்தது. ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். அவர் நாற்காலிக் கையை ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான். மறுநாளும் தட்டிவிட்டேன். இந்தமுறை அவர் தட்டவும் இல்லை, காலை நீட்டிச் சக்கரத்தை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து இடவலமாகத் தலையாட்டிச் சிரித்தார். ஆசை வெட்கமறியாது என்பது சும்மாவா? அதற்குப் பிறகு நிறுத்திக்கொண்டேன். அடுத்த வாரம் அண்ணாத்தே பிரேக் வைத்த சக்கரம் நாலு கொண்டுவந்து, "பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கு பிரேக்கு?" என்று என்னைப் போலவே குரலை வைத்துக் கேட்டுக்கொண்டே மாட்டிவிட்டுப் போனார். வாயை மூடிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்தேன்.

தெறித்து விழுந்த பஸ்ஸை மகள் ஒட்டவைத்தாள். சிவப்புக் கட்டையை மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை. வலது கையால் தானே எடுத்து, ரெண்டு முறை நழுவி, மூன்றாம் முறை அதே நடு ரோட்டில் நிற்கவைத்தார்.

பேத்தி பிறந்தாள். கட்டிலில் மகளும் பேத்தியும், தரையில் மறுபடி நான். பிள்ளைப்பேற்றுக்காக நான் போட்டிருந்த மூன்று மாத லீவு முடிந்து வேலைக்குப் போகவேண்டிய முதல் நாள். பிள்ளைக்கு வெந்நீர் வைத்து, குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள் வழக்கம்போல லேட். எங்கள் வீடு ஹைவேயிலிருந்து மூன்றாவது. கேட்டில் நின்றால் பஸ் ஸ்டாப் தெரியும். சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுகிறேன். பஸ் வந்து நின்று, ஆள் ஏறி, கிளம்புகிறது. இந்த வயதில், அடிபட்ட காலோடு, எவ்வளவுதான் ஓட முடியும்?

பின்னால் எங்கள் கேட்டிலிருந்து ஒரு குரல்.

"ஓல்டேன்! ஓல்டேன்!"

பஸ் நிற்கவில்லை. அத்தனை தூரம் எப்படிக் கேட்கும்? அது பாட்டுக்குப் போய்விட்டது. நான் நின்றுவிட்டேன். திரும்பினால், கோலைக் கேட்டில் சாத்திவிட்டு, பேத்தியை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையைக் கேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, பாதி உடம்பு தெருவில் தெரிய நிற்கிறார் மனிதர்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் லேட். உள்ளே நுழைந்ததும் ரம்பத்தை ஓட்டிக்கொண்டே அண்ணாத்தே கேட்டார், "இன்னாம்மா, மொத நாளே இவ்ளோ லேட்டு? பஸ்ஸ உட்டுட்டியா?"

"பஸ்ஸு நிக்கல அண்ணாத்தே," என்றேன். "எங்க ஊட்டுக்காரு கத்துனாரு. நிக்கல."

அண்ணாத்தே ரம்பத்தை நிறுத்தினார்.